மலைமேல் கட்டும் மேகம்: நம் வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் தாழ்வாரத்தில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, புக்கிட் ரோத்தான் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் நம்மை நிறுத்திக் கேட்டார்: "நானா, நம்ம ஊர்ல நல்ல வெயில் அடிக்குது. ஆத்துல மட்டும் செம்மண் கலங்கி தண்ணி பெருகி வருது. மழையே இல்லாம வெள்ளம் எங்கேருந்து வருது?"

"தம்பி, நீங்க தலைக்கு மேலே பார்க்கிறீங்க. கிழக்கே பார்க்கணும்" என்று மட்டும் அப்போது சொல்லி அனுப்பினோம். அது முழுப் பதில் அன்று. நாம் மத்ரஸாவும் ஆரம்பப் பள்ளியும் தாண்டாதவர்கள். ஆயினும் மேகத்தைப் பற்றித் தெரியாததால் நமக்கு ஒரு தடவை பெரிய நஷ்டம் வந்தது. அதன் பிறகு, படித்தவர்களைக் கேட்டும் புத்தகங்களைப் புரட்டியும் இந்த விஷயத்தைக் கொஞ்சம் கற்றுக்கொண்டோம். கற்றதை இங்கே எழுதுகிறோம். நஷ்டக் கதையைப் பின்னால் சொல்வோம்.

முதலில் ஊரின் அமைப்பைப் பாருங்கள். தெளிந்த காலையில் புக்கிட் மலாவத்தியின் மேல், 1907-இல் கட்டப்பட்ட அந்த வெளிச்ச வீட்டின் அருகே நின்று கிழக்கே பார்த்தால், வயலும் செம்பனையும் தாண்டித் தூரத்தில் நீலக்கோடு போல் ஒரு மலைத்தொடர் தெரியும். அதுதான் தித்திவங்சா. தீபகற்பத்தின் முதுகெலும்பு அது. கெந்திங் மலை ஏறத்தாழ 1,800 மீட்டர். பிரேசர்ஸ் மலை 1,200 மீட்டருக்குச் சற்று மேல். வடக்கே பேராக்கில் உள்ள குனோங் கோர்பு 2,183 மீட்டர். நம் சிலாங்கூர் ஆறு பிரேசர்ஸ் மலைப் பக்கத்துச் சரிவுகளில் பிறந்து, கோலகுபு பாரு, ராசா வழியாக இறங்கி, பத்தாங் காலி ஆற்றையும் சேர்த்துக்கொண்டு, முன்னாள் பத்தாங் பெர்ஜுந்தையாகிய பெஸ்தாரி ஜெயாவைக் கடந்து, கம்போங் குவாந்தானின் மின்மினி மரங்களை ஒட்டி வந்து நம் ஊரில் கடலில் விழுகிறது. வடக்கே எல்லையாக ஓடும் பெர்ணம் ஆறும் அதே மலையிலிருந்துதான் வருகிறது. தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்களுக்கு அந்தத் தண்ணீர்தான். ஆகவே மலையில் மேகம் என்ன செய்கிறதோ அது ஓரிரு நாள் கழித்து நம் கடைவாசலுக்கு வந்து சேருகிறது.

இனி மேகம் எப்படி உண்டாகிறது என்பதைக் காண்போம்.

கடையில் ஐஸ் போட்ட தேத்தண்ணீர்க் கிளாஸை மேசையில் வைத்தால், சிறிது நேரத்தில் கிளாஸின் வெளிப்புறம் வியர்க்கிறது. கிளாஸ் ஒழுகவில்லை. சுற்றியுள்ள காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த ஈரம், குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் தண்ணீராகிவிட்டது. சூடான காற்று நிறைய ஈரத்தைத் தாங்கும், குளிர்ந்த காற்று குறைவாகவே தாங்கும் என்பதுதான் விஷயம். எந்த அளவு குளிர்ந்தால் ஈரம் வெளியே வருமோ அந்த அளவைப் பனிநிலை என்பார்கள். நம் ஊரில் சாதாரணமாக நடுப்பகலில் உஷ்ணம் 32 டிகிரி, பனிநிலை 24 டிகிரி அளவில் இருக்கும்.

காற்றைக் குளிர வைப்பது எது? மலைக்கு மேலே ஐஸ் கட்டி ஒன்றுமில்லை. காற்று உயரே ஏறும்போது தானாகவே குளிர்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்போம். காற்றை அழுத்தினால் சூடாகும். அழுத்தத்தை விட்டு விரிய விட்டால் குளிரும். உயரே போகப் போக மேலிருந்து அழுத்தும் காற்றின் பாரம் குறைகிறது. ஏறுகிற காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி என்பது கணக்கு. மேகமாக மாறத் தொடங்கிய பின் இந்தக் குளிர்ச்சி மெதுவாகிறது. காரணம், ஈரம் தண்ணீராகும்போது தன்னுள் இருந்த உஷ்ணத்தை வெளியே விடுகிறது. இந்த உஷ்ணம்தான் பெரிய இடிமேகங்களுக்கு விறகு. அதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது வியாபாரிகளுக்கேற்ற ஒரு கணக்குப் போடலாம். தரையில் உஷ்ணத்துக்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, ஒவ்வொரு டிகிரிக்கும் 125 மீட்டர் என்று பெருக்கினால், மேகத்தின் அடிப்பாகம் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பது கிட்டத்தட்டக் கிடைக்கும். 32-இலிருந்து 24 போனால் 8. எட்டை 125-ஆல் பெருக்க 1,000 மீட்டர். பிரேசர்ஸ் மலையோ 1,200 மீட்டருக்கு மேல். எனவே அங்கே கடிகாரக் கூண்டைச் சுற்றிப் பகலில் திரியும் வெண்புகையை மூடுபனி என்று நாம் சொன்னாலும், அது அநேகமாகச் சாட்சாத் மேகமே. கீழே கோலகுபு பாருவில் நிற்பவனுக்கு மலையை மூடிய மேகமாகத் தெரிவது, மேலே நிற்பவனுக்குப் பனியாகத் தெரிகிறது. கைப்பேசியில் உஷ்ணம், பனிநிலை இரண்டும் இப்போது கிடைப்பதால் கடைப் பையன்களே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நம் கடையில் போடுகிறார்கள். பாக்கிக் கணக்கைவிட ஆர்வமாகப் போடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஈரம் தண்ணீராவதற்கு ஒட்டிக்கொள்ள ஏதாவது வேண்டும். கிளாஸுக்குக் கண்ணாடி இருந்தது. ஆகாயத்தில்? கடல் அலை தெறித்துக் காற்றில் கலந்த உப்புத்தூள், புழுதி, புகை ஆகியவைதான். உப்புச் சாக்கைத் திறந்து வைத்தால் கசிந்து போவதை நாம் பார்க்கிறோமே, அதே குணம்தான். உப்பு ஈரத்தை இழுக்கும். கண்ணுக்குத் தெரியாத ஓர் உப்புத் தூளைச் சுற்றி ஒரு மேகத்துளி பிறக்கிறது. அத்துளியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. இவ்வளவு சிறியது கீழே விழ நினைத்தாலும் சற்று மேலே வீசும் காற்று அதைத் தாங்கிக்கொள்ளும். மழைத்துளியோ இரண்டு மில்லிமீட்டர் அளவு. பத்து லட்சம் மேகத்துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. எனவேதான் எல்லா மேகமும் மழையாவதில்லை.

மேகங்களுக்குப் பெயர் வைத்தவர் யார் தெரியுமா? நம்மைப் போன்ற ஒரு வியாபாரிதான். லண்டனில் மருந்துச் சரக்குகள் தயாரித்து விற்ற லூக் ஹோவர்டு என்பவர், தொழில் போக மிச்ச நேரத்தில் வானத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்து, 1802 டிசம்பரில் ஒரு சிறு சபையின் முன் தம் கட்டுரையை வாசித்தார். அதுவரை மேகத்துக்கு ஒழுங்கான பெயர்கள் வழங்கவில்லை. அவர் வைத்த பெயர்களே கொஞ்சம் திருத்தங்களோடு இன்று உலகம் முழுவதும் வழங்குகின்றன. நம் தமிழ்ப் பாடப் புத்தகங்களில் அவற்றைக் கீற்று, திரள், படை, கார் என்று சொல்கிறார்கள். கீற்று மேகம் மிக உயரத்தில், பறவை இறகைப் பிய்த்துப் போட்டதுபோல் இருக்கும். அது தண்ணீரன்று, பனிக்கட்டித் துகள். திரள் மேகம் பஞ்சுப் பொதி. படை மேகம் என்பது படுதா விரித்தது போன்றது. இதில் "படை" என்பது போர்ப்படை அன்று, அடுக்கு என்று பொருள். மழை பொழிவது கார். திரளோடு கார் சேர்ந்தால் கார்த்திரள், அதாவது இடிமேகம். படையோடு கார் சேர்ந்தால் கார்ப்படை, அதாவது இடியில்லாமல் பெய்துகொண்டே இருக்கும் மேகம். இந்தக் கடைசி இரண்டையும் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, குளிர்காலக் காற்று.

மத்ரஸாவில் அரபு ஓதிய நமக்கு மௌஸிம் என்ற சொல் தெரியும். பருவம், குறித்த காலம் என்று பொருள். அரபு மாலுமிகளிடமிருந்து அது எல்லாத் துறைமுகங்களுக்கும் பரவி, மலாயில் "முசிம்" ஆயிற்று, வெள்ளைக்காரன் வாயில் "மான்சூன்" ஆயிற்று. நாகூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் நம் முன்னோர் கெடாவுக்கும் பினாங்குக்கும் பாய்மரத்தில் வந்தது இந்தக் காற்றுகளின் ஏற்பாட்டை நம்பித்தான். நம் கரையோர மக்கள் வடக்கேயிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கேயிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கேயிருந்து வருவதைக் கச்சான் என்றும் பெயர் சொல்லி அழைத்தார்கள். இன்று நம் பிள்ளைகளுக்குக் காற்றாடியின் ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்கள்தான் தெரியும்.

நவம்பர் முதல் மார்ச் வரை, வடக்கே சைபீரியா, மங்கோலியா நாடுகளில் கடுங்குளிர். குளிர்ந்த காற்று கனமானது. அது அங்கே குவிந்து, தாங்கமாட்டாமல் தெற்கே வழிகிறது. புறப்படும்போது அது காய்ந்த காற்று. தென்சீனக் கடலின் வெதுவெதுப்பான நீர்மேல் நெடுந்தூரம் வரும்போது ஈரத்தை வாரிக்கொள்கிறது. குளிர் பெரும்பாலும் போய்விடுகிறது, ஈரம் நிறைந்துவிடுகிறது. அப்படியே வந்து கிளந்தான், திரங்கானு, பகாங் கரைகளில் ஏறுகிறது. மலாய்க்காரர் அந்தக் காலத்தை முசிம் தெங்குஜு என்பர். கிழக்குக் கரையில் நாள்கணக்கில் மழை. அந்தக் காற்று மேற்கே நகர்ந்து தித்திவங்சாவில் முட்டி மேலே ஏறும்போது மிச்ச ஈரத்தையும் கிழக்குச் சரிவில் கொட்டிவிடுகிறது. உச்சியைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது. சைக்கிள் பம்புக் கதைதான். சூடானால் மேகம் கரைந்துவிடும். இதனால்தான் ஜனவரி, பிப்ரவரியில் நம் ஊரில் நீலவானமும், தூரத்து மலையுச்சியில் மட்டும் வெள்ளைத் தொப்பி போட்டதுபோல் மேகமும் தெரிகின்றன. அந்தத் தொப்பி அங்கேயே நிற்பதுபோல் தோன்றும். உண்மையில் காற்று அதன் வழியே ஓடிக்கொண்டேயிருக்கிறது. கிழக்கே புதிதாக மேகம் உண்டாகிக்கொண்டும், மேற்கே பழையது கரைந்துகொண்டும் இருக்கிறது. ஒரு கடையில் கூட்டம் எப்போதும் ஒரே அளவாக இருந்தாலும் ஆட்கள் மாறிக்கொண்டிருப்பதுபோல.

தமிழ்நாட்டில் மலைநாட்டுப் பக்கம் போய் வந்தவர்களுக்கு இது புதிதன்று. நீலகிரியில் ஜூன் முதல் வீசும் தென்மேற்குப் பருவக்காற்றில் கூடலூர்ப் பக்கம் கொட்டும். அக்டோபர் முதல் வீசும் வடகிழக்குக் காற்றில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கொட்டும். காற்று எந்த முகத்தில் மோதுகிறதோ அந்த முகம் நனையும், மற்ற முகம் காயும். மலை ஒன்று, மழை இரண்டு.

குளிரைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. மேகம் இருந்தால்தான் குளிர் என்று பலர் எண்ணுகிறார்கள். இரவு நேரத்தில் அது நேர்மாறு. பகலில் பூமி வாங்கிய உஷ்ணம் இரவில் ஆகாயத்துக்குத் திரும்பிப் போகிறது. மேகம் இருந்தால் போர்வை போல் அதைத் தடுத்துவைக்கிறது. மேகமற்ற, காற்றும் ஓய்ந்த இரவில் உஷ்ணம் தடையின்றிப் போய்விடும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெளுக்கும்படி உறைபனி விழுவது நட்சத்திரம் ஜொலிக்கும் இரவுகளில்தான். அதுவும் மேட்டைவிடப் பள்ளத்தில் அதிகம். கனமான குளிர்காற்று தண்ணீரைப்போலச் சரிந்து பள்ளத்தில் தேங்குகிறது. நம் கேமரன் மலையில் உறைபனி விழுமளவு குளிர் இல்லை. அங்கே பதிவான மிகக் குறைந்த உஷ்ணம் 1978 பிப்ரவரி 1-ஆம் தேதியின் 7.8 டிகிரி. கம்பளி வியாபாரம் செய்பவர்களுக்கு இது வருத்தமான செய்தியாக இருக்கலாம். தோட்டங்களில் பழைய ஆட்கள் குளிர்காலம் என்று ஒன்றைச் சொல்வதுண்டு. ஜனவரிக்குப் பின் பால்மரம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும் காலம் அது. பால் குறையும், சம்பளம் குறையும், நம் கடைகளில் கடன் நோட்டு நிறையும். இன்று பால்மரம் பெரும்பாலும் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் வியாபாரத்துக்காக முதன்முதல் நட்ட மரம், நாட்டையே மூடிவிட்டது.

வருஷத்தின் மற்ற மாதங்களில் நம் பக்கத்து மழை வேறு வகை. அதைச் சுருக்கமாகச் சொல்வோம். பகலில் நிலம் சூடாகிறது. கடற்காற்று மேற்கேயிருந்து உள்ளே வந்து, மத்தியானத்துக்குப் பின் மலையடிவாரத்தில் முட்டி ஏறுகிறது. பஞ்சுப் பொதியாக இருந்த திரள் கோபுரமாக வளர்கிறது. நாம் முன்சொன்ன உஷ்ண விறகு அதற்குள் எரிகிறது. 5,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் உறையத் தொடங்கும். கோபுரமோ 15,000 மீட்டர் வரை போகும். அங்கே பனிக்கட்டித் துகள்கள் மோதி உரசி மின்சாரம் பிறக்கிறது. தலை தட்டையாகப் பட்டறைக்கல் போல் விரிந்தால் அது முற்றிய கார்த்திரள். மலாயாவின் மேற்குக் கரை உலகத்திலேயே மிகுதியாக இடி இடிக்கும் பகுதிகளுள் ஒன்று. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலைதோறும் இது நடக்கும். ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஆகாயமே இடிந்து விழுவதுபோல் பெய்து ஓய்ந்துவிடும். மே முதல் செப்டம்பர் வரை இன்னொன்று உண்டு. மலாக்கா நீரிணையில் இரவில் உண்டாகி, விடியுமுன் வரிசையாகக் கிழக்கே பாய்ந்து வரும் புயல்மழை. அதற்குச் "சுமத்ரா" என்றே பெயர். அது சுபுஹு நேரத்தில் அடித்தால் அன்று பால்வெட்டு இல்லை. பட்டை நனைந்தால் பால் கோட்டில் ஓடாமல் மரமெங்கும் வழிந்துவிடும். ஆட்களுக்குப் பெயர் இல்லை, அதாவது அன்றைய கூலி இல்லை. மாலை ஐந்து மணிக்கு நம் கடையில் அரை ராத்தல் கருவாடும் கடனில்தான் போகும். நம் அத்தா காலத்துக் கணக்கு நோட்டுகளில் மழை நாட்களையும் கடன் நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்திருக்கிறோம்.

இப்போது நம் நஷ்டக் கதை.

2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மழை. காற்று பெரிதாக இல்லை, இடி இல்லை, மின்னல் இல்லை. ஆகாயம் ஒரே சாம்பல் நிறம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. நம் கிட்டங்கி ஆற்றோரத் தாழ்வில் இருந்தது. முந்தின வாரம்தான் அரிசி இறக்கியிருந்தோம். பழைய தோட்டத்து ஆத்தா ஒருவர், நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர், உப்பும் தேயிலையும் வாங்க வந்தார். குடையை மடக்கிக்கொண்டே சொன்னார்: "பாய், இந்த மழையைப் பாத்தீங்களா? சத்தம் போடாம உக்காந்திருக்கு. இது எந்திரிச்சுப் போற மழை இல்ல. கீழ கெடக்குற சாமான மேல தூக்கி வச்சிருங்க."

நாம் சிரித்தோம். "ஆத்தா, இடியே இல்லையே. தூத்தல்தானே, நாளைக்கு விட்டுரும்" என்றோம். ஆத்தா பதில் சொல்லவில்லை. சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மழை சனிக்கிழமையும் விடவில்லை. ஷா ஆலம் ஸ்ரீ மூடா குடியிருப்பில் வீட்டுக் கூரை வரை தண்ணீர் ஏறியதைப் படங்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நம் பக்கம் மழை ஓய்ந்து வெளிச்சம் வந்தது. ஆபத்து நீங்கிவிட்டதென்று கடையைத் திறந்து, மலைப்பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு ஆறுதலும் சொன்னோம். திங்கட்கிழமை சுபுஹுக்குப் போகும் வழியில் கிட்டங்கியை எட்டிப் பார்த்தால் முழங்கால் அளவு தண்ணீர். கீழ்வரிசை இரண்டும் போயின. சீனி கரைந்தே போயிற்று. மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை அடைக்க நமக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. எச்சரித்தவர் இருந்தார், கேட்காதவர் நாம்.

அன்று நடந்தது என்ன? வழக்கமாக வாடைக்காலத்தில் மலை நம்மைக் காக்கிறது என்று முன்னே சொன்னோம். ஆனால் அந்த டிசம்பரில் தென்சீனக் கடலில் உண்டான ஒரு தாழ்வு மண்டலம், குவாந்தான் பக்கமாகக் கரையேறித் தீபகற்பத்தின் மேலேயே வந்துவிட்டது. பூமத்திய ரேகைக்கு வடக்கே இத்தகைய சுழற்சியில் காற்று இடப்பக்கமாகச் சுற்றும். சுழலின் நடு கிழக்கே இருந்தபடியால், நம் பக்கம் காற்று வடமேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் திரும்பி, மலாக்கா நீரிணையின் ஈரத்தோடு மேற்குச் சரிவில் ஏறிற்று. காக்கிற மதில் பிடிக்கிற மதிலாயிற்று. உண்டானது தனித்தனிக் கோபுரங்கள் அல்ல, மாவட்டம் மாவட்டமாக விரிந்த கார்ப்படை. கார்த்திரள் கொட்டித் தீர்த்துத் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அதிலிருந்து விழும் குளிர்ந்த காற்றே அதன் அடியிலுள்ள சூட்டை அணைத்துவிடும். கார்ப்படைக்கு அந்த அவசரம் இல்லை. காற்று ஈரத்தைக் கொண்டுவந்து மலையில் ஏற்றிக்கொண்டிருக்கும் வரை அது பெய்துகொண்டிருக்கும். இடி இல்லாததை நாம் நல்ல அடையாளம் என்று எண்ணினோம். ஆத்தா அதையே கெட்ட அடையாளம் என்று கண்டார். நாடு முழுவதும் அந்த வெள்ளத்தில் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் அரிசி மூட்டைகளை அதன் பக்கத்தில் வைத்துப் பேசவே கூச்சமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வெயிலைப் பார்த்து ஏமாந்தது இரண்டாவது பிழை. மலையில் பெய்தது காடுகளிலும் ஓடைகளிலும் சேர்ந்து பெரிய ஆற்றில் விழுந்து, வளைந்து வளைந்து நூறு கிலோமீட்டர் வர நேரம் எடுக்கும். மழை நின்ற பிறகுதான் கீழ்நாட்டில் ஆறு உச்சிக்கு வரும். மூன்றாவது ஒன்றையும் நாம் மறந்திருந்தோம். டிசம்பர் 19 பௌர்ணமி. ஜமாதுல் அவ்வல் பிறை 14. மலாய் மீனவர்கள் ஆயர் பாசாங் பெசார் என்று சொல்லும் பெரிய கடலேற்றம் அந்த நாட்களில்தான். கடல் ஏறி முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டால் ஆற்றுத் தண்ணீர் வடிய வழியில்லை. பிறைக் கணக்கைக் கையில் வைத்திருக்கும் நாமே இதைக் கவனிக்கவில்லை!

அடுத்த வருஷம், 2022 டிசம்பர் 16 அதிகாலையில், பத்தாங் காலியிலிருந்து கெந்திங்குக்கு ஏறும் சாலையோரக் கூடார முகாமில் மலை சரிந்து 31 உயிர்கள் போயின. பிள்ளைகளும் இருந்தார்கள். இரவு இரண்டரை மணிக்கு மேல் நடந்தது. எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். பல நாட்களாகத் தொடர்ந்து பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி ஊறியதே காரணம் என்று பின்னர் அரசாங்க விசாரணை கூறிற்று. இடிமழையில் தண்ணீர் பெரும்பகுதி மேலாக ஓடிவிடும். மெதுவாகப் பெய்யும் மழை உள்ளே இறங்கும். மண் கனத்து, பிடிப்பும் தளர்ந்து, ஒரு வேளையில் சாய்கிறது. அது மழை பெய்யும் வேளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மலைச்சாலையில் சரக்கு வண்டி அனுப்பும் நம் சகோதரர்கள் இதை அறிய வேண்டும். "மழை விட்டாச்சு, கிளம்பலாம்" என்று பையன்கள் சொல்வது பாதி நியாயம்தான்.

மலையின் மழை ஊர்களை இடம்பெயர்த்த கதை பழையது. கோலகுபுவில் 1883-இல் பழைய அணை ஒன்று உடைந்து பலர் மாண்டனர். பின்னர் ஈயச் சுரங்க மண் ஆற்றை மேடாக்க, வெள்ளம் அடிக்கடி வந்தது. 1926-இன் பெருவெள்ளத்துக்குப் பின் ஊரையே மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். "பாரு", அதாவது புதியது, என்ற பெயர் அதனால் வந்ததே. இப்போது அதற்கு மேலே சிலாங்கூர் ஆற்றுக்குக் குறுக்கே பெரிய அணை இருக்கிறது. ஆனால் ஆற்றின் எல்லாக் கிளைகளும் அணைக்குள் வருவதில்லை. பத்தாங் காலி ஆறு அதற்குக் கீழேதான் சேருகிறது.

இனி அந்த இளைஞருக்குச் சொல்ல வேண்டியது. நவம்பர் முதல் ஜனவரி வரை காலையில் கடை திறக்குமுன் கிழக்கே ஒரு பார்வை பாருங்கள். மலை உச்சியில் மட்டும் தொப்பி இருந்தால் வழக்கமான வாடை, பயமில்லை. மாலையில் கோபுரம் கட்டினால் துணி, மிளகாய், அப்பளம் இவற்றை மூடுங்கள், இரண்டு மணி நேரத்தில் முடியும். மலையே தெரியாமல், சாம்பல் படுதா இடியின்றி ஒரு பகலும் ஓர் இரவும் நின்றால், கீழ்வரிசை மூட்டைகளை அன்றே ஏற்றிவிடுங்கள். வானிலை இலாகா சொல்வதையும் கேளுங்கள். நீர்ப்பாசன வடிகால் இலாகா ஆற்றின் மட்டத்தை இடவாரியாகக் கைப்பேசியிலேயே காட்டுகிறது. கோலகுபு பாருவில் ஏறியது ரந்தாவ் பாஞ்சாங்குக்கு எப்போது வருகிறது என்று இரண்டு மூன்று தடவை குறித்துப் பார்த்தால், நம் வாசலுக்கு எப்போது வரும் என்று உங்களுக்கே பிடிபடும். பிறை 13 முதல் 17 வரையும், பிறை பிறக்கும் நாட்களிலும் இன்னும் ஒரு சாண் உயரமாக எண்ணிக்கொள்ளுங்கள்.

நம் கிட்டங்கியில் இப்போது இடுப்பு உயரத்துக்குப் பலகைத் தட்டு அடித்திருக்கிறோம். ஆத்தாவிடம் அதைக் காட்டினோம். தட்டை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு பலகை ஒசத்தி அடிச்சிருக்கலாம் பாய்" என்றார். தச்சருக்குச் சொல்லியிருக்கிறோம்.